முப்பத்தேழாவது கம்பி

வியாழக்கிழமை பிற்பகல் 2.40 மணிக்குத் தொடங்கிப் பதிவு செய்யப்பட்டது.

என் முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதும் காவலர் மேலே குறித்துக்கொண்டார். வயது நாற்பத்தொன்பது. கணவர் பேருந்துப் பணிமனையில் பிரேக் வேலை பார்ப்பவர். அரங்கத்துக்குப் பின் தெருவில் மருந்துக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு அறை வீட்டில் குடியிருக்கிறோம். தொழில் என்ற இடத்தில் காவலர் முதலில் "விளக்குப் பணியாளர்" என்று எழுதினார். விளக்கைப் போடுகிறவர் வேறு, நான் விளக்கைத் தொங்கவிடுகிறவள், அதை அடித்துத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அடித்துவிட்டு, "மேடைக்கு மேலே விளக்குகளைக் கட்டும் பொறுப்பாளர்" என்று எழுதினார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதே அரங்கத்தில் அதே வேலை. அங்கே எல்லோருக்கும் நான் கொக்கி அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அரங்க மேலாளர் இன்று காலை என் மீது கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் மூன்று குற்றச்சாட்டுகள் உள்ளன. நல்ல நிலையில் இருந்த முப்பத்தேழு பாதுகாப்புக் கம்பிகளை வேண்டுமென்றே வெட்டி அழித்தேன் என்பது ஒன்று. நேற்று மாலை நடக்கவிருந்த குழந்தைகள் நடன நிகழ்ச்சிக்கு இடையூறு செய்தேன் என்பது இரண்டு. மேலாளரைப் பலர் முன்னிலையில் தகாத வார்த்தை சொல்லி அழைத்தேன் என்பது மூன்று. இவற்றில் "நல்ல நிலையில் இருந்த" என்பது மட்டும் பொய், மற்றதெல்லாம் நடந்தது. மேலாளர் என் கூடப் பிறந்த தம்பி என்பது புகாரில் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கம்பி எதற்கு என்று அதிகாரி கேட்டதற்கு நான் சொன்னதாவது: மேடைக்கு மேலே ஏழு இரும்புப் பைப்புகள் குறுக்கே தொங்குகின்றன. வின்ச்சைச் சுற்றினால் இறங்கும், ஏறும். ஒவ்வொரு பைப்பிலும் ஐந்தாறு விளக்குகள். ஒரு விளக்கு பதினொரு கிலோ. விளக்கைப் பைப்போடு பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கிளாம்ப். அதுபோக விளக்கின் சட்டத்தையும் பைப்பையும் சேர்த்துச் சுற்றி ஓர் எஃகுக் கம்பி போகும், அதற்குப் பெயர் சேஃப்டி. கிளாம்ப் விளக்கைப் பிடிக்கிறது, சேஃப்டி அந்தக் கிளாம்பைச் சந்தேகப்படுகிறது. அதிகாரிக்கு இது சரியாகப் பிடிபடவில்லை என்று தோன்றியதால், அவர் குடையை ஜன்னல் கம்பியில் மாட்டி, என் பையின் வாரால் குடையையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றி, குடையின் வளைந்த பிடியைக் கம்பியிலிருந்து விடுவித்துக் காட்டினேன். குடை ஒரு சாண் இறங்கி வாரில் நின்றது. அதிகாரி தலையாட்டினார்.

சேஃப்டியின் இரண்டு முனைகளிலும் கம்பியை வளையமாக மடக்கி, ஓர் உலோகக் குழலுக்குள் செருகி, இயந்திரத்தால் நசுக்கியிருப்பார்கள். அந்த நசுக்கல்தான் உயிர். அதன் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருப்பதால் உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒருமுறை விளக்கைத் தாங்கிய கம்பி மறுமுறை தாங்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது. அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழித்த கம்பியை முழுதாகக் குப்பையில் போடக் கூடாது, இரண்டாக வெட்டித்தான் போட வேண்டும். முழுதாகப் போட்டால், யாராவது ஒரு நல்ல மனசுக்காரர் "பார்க்கப் புதுசாத்தானே இருக்கு" என்று எடுத்து மறுபடியும் மாட்டிவிடுவார். மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் பழைய டப்பாவைத் தூக்கிப் போட எனக்கும் கை வராது.

ஆறு வாரங்களுக்கு முன்பு, பழையவற்றை எல்லாம் கழித்துவிட்டு மாட்ட, புதிய சேஃப்டி நாற்பது கொண்ட பெட்டி ஒன்று வந்தது. புதிய பெட்டியைச் சோதித்துச் சான்று எழுதுவது என் பொறுப்பு. பெட்டிக்கு நான்கு கம்பிகளை, அதுவும் வேறு வேறு அடுக்குகளிலிருந்து எடுத்து, முப்பது கிலோ மணல்மூட்டையை ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்க வேண்டும். சோதித்த நான்கையும் வெட்டிவிட வேண்டும். நான் மேல் அடுக்கிலிருந்து மூன்றை எடுத்து வரிசையாகச் சோதித்தேன். மூன்றும் கல் போல நின்றன, மூன்றையும் வெட்டிப் போட்டேன். நான்காவதற்கு மூட்டையைத் தூக்கியபோது அதன் தையல் விட்டு மணல் கொட்டிற்று. கூட்டி அள்ளி, கோணி ஊசி தேடித் தைத்து, மறுபடி எடை பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், நான் மூன்று பார்த்துவிட்டேனே என்று நினைத்தேன். அந்தப் பழமொழி அடுப்படிக்குச் சரி, இரும்புக்குச் சரியில்லை. அதன் பிறகு சான்றில் "நான்கு சோதிக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், ஒவ்வொரு கம்பியிலும் கட்டும் சிறு அட்டையிலும் போட்டேன். அன்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அவசரம் என்னுடையதுதான்.

அதன் பிறகு, கம்பி விற்ற கடைக்காரர் என் சான்றை நகல் எடுத்து வைத்துக்கொண்டு வேறு இரண்டு அரங்கங்களுக்கும் அதே சரக்கை விற்றார் என்று கேள்விப்பட்டேன். "கொக்கி அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டது" என்று சொன்னாராம், அங்கேயும் யாரும் மறு கேள்வி கேட்கவில்லையாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடமும் சொன்னேன். அவர் "அப்போ நீ இனிமே கடைக்குப் போனா தள்ளுபடி கேளு" என்றார். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் பைப்பிலிருந்து ஒரு திருகாணிகூட விழுந்ததில்லை. பெருமைப்பட எனக்குக் காரணம் இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

நேற்று புதன்கிழமை காலை 9.30 மணிக்கு நானும், விளக்குப் போடுகிற, எல்லோரும் பல்பு என்று கூப்பிடும் முப்பத்துநான்கு வயதுக்காரரும் வேலையைத் தொடங்கினோம். மாலை ஆறு மணிக்கு நடன நிகழ்ச்சி. மதியம் இரண்டு மணிக்கு ஒத்திகை. மொத்தம் ஐம்பத்திரண்டு குழந்தைகள். நான்காவது பைப்பை மார்பு உயரத்துக்கு இறக்கி ஒரு விளக்கின் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம். பல்பு திருப்புகிற போல்ட்டுக்குப் பதிலாகக் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டார். இது எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன். விளக்கு கிளாம்பிலிருந்து வழுக்கி ஒரு சாண் இறங்கியது. சேஃப்டி அதைத் தாங்கியிருக்க வேண்டும். தாங்கவில்லை. அறுந்து போகக்கூட இல்லை, சட்டையிலிருந்து பட்டன் கழல்வது போலக் குழலிலிருந்து கம்பி சத்தமில்லாமல் வெளியே வந்தது. விளக்கு பல்புவின் செருப்பு நுனியில் விழுந்து மேடைப் பலகையில் ஒரு குழி பறித்தது.

பல்பு கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க, எனக்குச் செருப்போட போச்சுக்கா" என்றார். சிரித்தார், ஆனால் உட்கார்ந்துகொண்டார். நான் அந்தக் கம்பியை எடுத்துப் பிளேடால் உறையைக் கிழித்துப் பார்த்தேன். குழல் நசுக்கப்படவில்லை, சும்மா ஓரத்தில் லேசாகத் தட்டியிருந்தார்கள். கம்பியில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இருந்த கையெழுத்து என்னுடையது.

அதன் பிறகு, தைத்து வைத்திருந்த மணல்மூட்டையைக் கொண்டுவந்து, பக்கத்துப் பைப்புகளிலிருந்தும் சேர்த்து ஒன்பது கம்பிகளைக் கழற்றிச் சோதித்தேன். ஐந்து கழன்றன, நான்கு நின்றன. எது கழலும், எது நிற்கும் என்று பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போது மணி 10.45.

அதன் பிறகு மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன். என் தம்பி இந்தப் பதவிக்கான தேர்வை முதல் முறையிலேயே எழுதித் தேறியவன். இரண்டு ஆண்டுகளாக இந்த அரங்கத்தில் மேலாளராக இருக்கிறான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. வாசலுக்கு உள்ளே அவன் சார், நான் பொறுப்பாளர். வாசலுக்கு வெளியே நான் அக்கா, அவன் டேய். அவன் என்னுடன் மேடைக்கு வந்து பார்த்தான்.

"கிளாம்ப் புடிச்சிக்கிட்டுத்தானே இருக்கு? கம்பி சும்மா ஒரு துணைக்குத்தானே. இன்னைக்கு ஷோ முடியட்டும், நாளைக்கு மாத்திக்கலாம்" என்றான்.

"கிளாம்ப் புடிக்காததாலதானே சார் விளக்கு கீழ கிடக்கு."

"அது பல்பு தப்பா கழட்டினதால."

"தப்பு நடக்கும்னுதான் சார் கம்பியே போடறது."

அதற்கு அவன், "நீங்க சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட கம்பிதானே இது?" என்று கேட்டான். இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மூன்றுதான் சோதித்தேன், நான்கு என்று எழுதினேன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பல்பு பக்கத்தில் நின்றார், பெருக்குகிற அம்மா நின்றார். இருபத்திரண்டு வருடப் பேர் அவர்கள் முன்னால் போய்விடும் என்று நினைத்தேன். நான் பேசாமல் நின்றதை, அக்கா வீம்புக்கு நிற்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொண்டதில் அவன் மேல் தப்பில்லை. "ஒன்றரை மணிக்குள்ள எல்லாப் பைப்பும் மேல போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, விருந்தினர் பட்டியலைப் பார்க்கப் போய்விட்டான்.

அதன் பிறகு நான் ஏழு பைப்புகளையும் ஒவ்வொன்றாக இறக்கினேன். எல்லா சேஃப்டியையும் கழற்றி மேடை நடுவில் குவித்தேன். கம்பி வெட்டியை எடுத்து முப்பத்தேழையும் இரண்டிரண்டாக வெட்டினேன். எழுபத்துநான்கு துண்டுகள். பல்பு உதவிக்கு வந்தார், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வெட்டியது முழுக்க என் கைகள் மட்டுமே, அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை. கழற்றி மட்டும் வைத்திருந்தால் போதாதா என்று அதிகாரி கேட்டார். போதாது. நான் கழற்றி வைத்தால், ஒன்றரை மணிக்கு வேறு ஒருவரைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லலாம். வெட்டிவிட்டால் மாட்டுவதற்கு எதுவும் இல்லை. சேஃப்டி இல்லாமல் எந்த விளக்கும் மேலே போகக் கூடாது என்ற விதி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதன் அடியில் உள்ளது மேலாளரின் கையெழுத்து. தம்பி தன் கையெழுத்தை மீற மாட்டான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் எழுதி வைத்ததை மீறியதில்லை.

அவன் 12.10 மணிக்குத் திரும்பி வந்து குவியலைப் பார்த்தான். "என்ன பண்ணி வச்சிருக்கே நீ?" என்று கத்தினான். வாசலுக்கு உள்ளே என்னை முதலில் ஒருமையில் கூப்பிட்டது அவன்தான், இது குறித்துக்கொள்ளப்பட வேண்டும். அதற்கு நான், "டேய், அவ்வளவு நம்பிக்கை இருந்தா நீயே ஒரு கம்பியில தொங்கிப் பாருடா" என்றேன். புகாரில் உள்ள தகாத வார்த்தை இந்த "டேய்" தான். வேறு எதுவும் சொல்லவில்லை. இதை எழுதும்போது காவலர் சிரித்தார், அதிகாரி அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு மேலாளர் என் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார். ஏணியில் ஏறவும் பைப்பை மேலே ஏற்றவும் அந்த அட்டை வேண்டும். தரையில் வேலை செய்ய அட்டை வேண்டியதில்லை என்பதால் நான் வேலையை விடவில்லை. நானும் பல்புவும், ஏற்கெனவே இறக்கியிருந்த ஏழு பைப்புகளிலிருந்தும் விளக்குகளைக் கழற்றி, கிடங்கில் இருந்த தரைத் தாங்கிகளை எல்லாம் கொண்டுவந்து, மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் நிறுத்தினோம். இருபத்திரண்டு தாங்கிகள்தான் இருந்தன. மீதி விளக்குகளைப் பெட்டிகளின் மேல் வைத்து மணல்மூட்டையால் அழுத்தினோம். நிகழ்ச்சி நாற்பது நிமிடம் தாமதமாக, 6.40 மணிக்குத் தொடங்கியது. வெளிச்சம் மேலிருந்து வராமல் பக்கத்திலிருந்து வந்ததால், குழந்தைகளின் நிழல்கள் பின்திரையில் இரண்டாள் உயரத்துக்கு எழுந்து அவர்களோடு சேர்ந்து ஆடின. நடன ஆசிரியை முதலில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர், இரண்டாவது பாட்டில் திட்டுவதை நிறுத்தினார். ஐம்பத்திரண்டு பேர் தலைக்கு மேலே ஒன்றுமில்லாமல் ஆடினார்கள். நான் ஓரத்தில் நின்று பார்த்தேன். என் வேலையை அதற்கு முன் ஒருபோதும் அவ்வளவு திருப்தியோடு பார்த்ததில்லை.

இதற்கு இடையில், நேற்று மதியம் 12.30 மணிக்கே, என் சான்றைப் பார்த்துக் கம்பி வாங்கிய இரண்டு அரங்கங்களுக்கும் தொலைபேசியில் பேசினேன். முதல் அரங்கத்தில் என் வேலையைச் செய்பவரை நாங்கள் மீசை என்போம். அவருக்கும் எனக்கும் பதினைந்து வருடமாக ஆகாது. இந்த வேலைக்குப் பெண்பிள்ளை சரிப்படாது என்று ஒருமுறை என் முகத்துக்கு நேரே சொன்னவர். அவரிடம், "என் கையெழுத்தை நம்பாதீங்க. நான் மூணுதான் சோதிச்சேன், அந்தக் கம்பி எல்லாத்தையும் இறக்குங்க" என்றேன். முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இவ்வளவு எரிந்திருக்காது.

அதற்கு அவர், "யானைக்கும் அடி சறுக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ பூனை சைஸுல இருந்துக்கிட்டு இந்தச் சறுக்கு சறுக்கியிருக்கியேம்மா" என்றார். மாலை ஐந்து மணிக்கு அவரே கூப்பிட்டார். "இருபத்துநாலுல பதினொண்ணு கழண்டுச்சு. எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டேன். நாளைக்கு எனக்கும் யாராவது சொல்லணும்ல, அதனால சொல்றேன். நீ போன் பண்ணது பெரிய விஷயம்" என்று சொல்லி, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

இரண்டாவது, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அரங்கம். அங்கே முப்பது கம்பிகள் மேலே இருக்கின்றன. விளக்குக் கட்டுபவர் விடுப்பில் வெளியூர் போயிருக்கிறார், தொலைபேசி கிடைக்கவில்லை. அலுவலகத்தில் இருந்தவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "அம்மா, எங்க கோப்புல நீங்க கையெழுத்துப் போட்ட சான்று இருக்கு. அது செல்லாதுன்னு நீங்க போன்ல சொன்னா நான் எப்படி எழுதறது? உங்க அரங்கத்துலேர்ந்து எழுத்துல வேணும், முத்திரையோட" என்றார். நேற்று இரண்டு முறை பேசினேன், இரண்டு முறையும் இதே பதில். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மேடையில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. விளக்குகள் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது.

இன்று காலை 8.30 மணிக்கு அந்தக் கடிதத்தை வாங்க மேலாளர் அறைக்குப் போனேன். அவன் பெருமூச்சு விட்டு, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள், கம்பி நல்ல கம்பி என்று சான்று இருக்கும்போது கெட்ட கம்பி என்று தான் எப்படி முத்திரை குத்த முடியும் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், புகார் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னான். அதன் பிறகு காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. 11 மணிக்கு நானே நடந்து வந்து சேர்ந்தேன், யாரும் அழைத்து வரவில்லை. எழுபத்துநான்கு துண்டுகளையும் இரண்டு பைகளில் கொண்டுவந்து மேசை மேல் வைத்தேன். அதிகாரி தானே சில துண்டுகளை எடுத்து இழுத்துப் பார்த்தார். ஐந்தாவது துண்டில் குழல் கையோடு வந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மதியம் ஒரு மணிக்குத் தம்பி மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நிலையத்துக்கு வந்தாள். வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். சான்றில் உள்ளது என் கையெழுத்து இல்லை, கடைக்காரர் யாரையோ வைத்துப் போட்டிருக்கிறார் என்று நான் சொல்லிவிட்டால் போதும், தம்பி புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வான், அட்டையும் கைக்கு வந்துவிடும் என்றாள். "உங்களுக்கும் கெட்ட பேர் இல்ல, அவருக்கும் இல்ல அண்ணி. யாராவது தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்குவாங்களா?" என்று கண்கலங்கினாள். நல்ல பெண். புருஷனுக்காகவும் எனக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள்.

சபலம் தட்டவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அட்டை போனால் நான் மேலே ஏற முடியாது. தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் வேலையை நான் செய்ததே இல்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொன்னால், அது உண்மையா என்று பார்க்கவே ஒரு மாதம் ஆகும். அதுவரை சான்று நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கரை அரங்கத்தின் கோப்பில் அது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும், நாளை பத்து மணிக்கும். நான் அவளிடம், "கையெழுத்து என்னோடதும்மா. கோழி கிறுக்கின மாதிரி இருந்தாலும் என்னோடது" என்றேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். கொண்டுவந்ததை நான் முழுக்கச் சாப்பிட்டேன், பசி.

வெட்டியது நல்ல கம்பியா கெட்ட கம்பியா என்பதற்கு என் சான்றே எனக்கு எதிராக இருக்கிறதே என்று அதிகாரி கேட்டதற்கு: ஆம், இருக்கிறது. அந்தச் சான்று பொய் என்பதற்கு அத்தாட்சி புகாரிலேயே இருக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெட்டியில் இருந்தது நாற்பது. சான்றின்படி நான்கைச் சோதித்து வெட்டியாகிவிட்டது. அப்படியானால் மேடைக்கு மேலே முப்பத்தாறுதான் இருந்திருக்க வேண்டும். நான் வெட்டியதாகப் புகாரில் எழுதியிருப்பது முப்பத்தேழு. என் தம்பி துண்டுகளை எண்ணிச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அந்த முப்பத்தேழாவது கம்பி நான் சோதிக்காமல் விட்ட நான்காவது கம்பி. அதிகாரி விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இது தெரிஞ்சா உங்க அட்டை போயிடுமே" என்றார். தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நான் கம்பிகளை வெட்டியதற்கு வருந்தவில்லை. இன்னொரு முறை நேர்ந்தாலும் வெட்டுவேன், "டேய்" என்றும் சொல்வேன். மூன்று சோதித்துவிட்டு நான்கு என்று எழுதியதற்கு வருந்துகிறேன், அதற்கான தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். தம்பி மேல் கோபம் இருக்கிறது, வன்மம் இல்லை. அவன் மூன்று மணியிலிருந்து வெளியே வராந்தாவில் தூணோடு சாய்ந்து நிற்கிறான். ஜன்னல் திறந்திருக்கிறது, நான் சொல்வது எல்லாம் அவன் காதில் விழுகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்காகக் குரலைக் குறைக்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை இந்த நிலையத்தின் முத்திரையோடு இன்றே கொடுக்க வேண்டும். அக்கரை அலுவலகம் ஆறு மணிக்குப் பூட்டிவிடும். என்னை விசாரணை முடியும் வரை இங்கேயே வைத்திருந்தாலும் பரவாயில்லை, காகிதம் போய்ச் சேர வேண்டும். அவர்களுக்கு எழுத்தில் வேண்டும் என்றார்கள், இதோ எழுத்தில் இருக்கிறது.

மேலே உள்ளது நானாகச் சொன்னது, சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. யாரும் மிரட்டவில்லை, தம்பி மனைவி அழுததை நான் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் நானே படித்துப் பார்த்தேன், இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். பெட்டிச் சான்றிலும் அட்டைகளிலும் நான் போட்ட கையெழுத்துகள் அனைத்தும் இன்று முதல் செல்லாது. அந்தக் கையெழுத்தை நம்பி விளக்கை ஏற்றியவர்கள் இந்தக் கையெழுத்தை நம்பி இறக்கவும்.

(ஒப்பம்)
மேடைக்கு மேலே விளக்குகளைக் கட்டும் பொறுப்பாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. முத்திரையிட்ட நகல் ஒன்று மாலை 4.50 மணிக்கு வழங்கப்பட்டது. வாக்குமூலம் அளித்தவர் விசாரணைக்காக நிலையத்தில் இருக்க வேண்டியிருந்ததால், அக்கரை அரங்க அலுவலகத்தில் நேரில் சேர்ப்பதாக எழுதிக் கொடுத்து நகலைப் பெற்றுக்கொண்டவர்: புகார்தாரர்.